டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டை: எங்கிருந்து தொடங்குவது?

புதுக்கை_கேட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவரின் மாமனாருக்கு நவசோட்டா பக்கம் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. பன்றிக் கூட்டம் வந்து புல்தரையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறதாம். "இந்தச் சனிக்கிழமை வா, ரைஃபிள் நான் தருகிறேன், டெக்சாஸில் பன்றிக்கு லைசென்ஸே தேவையில்லை" என்கிறார். எனக்கு ரொம்ப நாளாகவே ஆசை. சொந்த ஊர் தேனிப் பக்கம். சோளக்காட்டில் தாத்தா பரண் கட்டி, தகரம் தட்டிப் பன்றி விரட்டியதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் துப்பாக்கியைக் கையில் பிடித்ததே இல்லை.

லைசென்ஸ் நிஜமாகவே வேண்டாமா? முதல் துப்பாக்கி எது வாங்கலாம்? இரவில்தான் போக வேண்டுமா? அந்தக் கறியைச் சாப்பிடலாமா? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவிக்குத் துப்பாக்கி என்றாலே பயம். அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பிரேசோஸ்கரை:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். இந்தச் சனிக்கிழமை அந்த ரைஃபிளைக் கையில் வாங்காதீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னது தப்பில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதம் இருந்தால், காட்டுப்பன்றி சுட வேட்டை லைசென்ஸ் வேண்டாம். உள்ளூர்க்காரர், வெளிமாநிலத்தார் எல்லாருக்கும் அப்படித்தான். சீசன் கிடையாது, இத்தனைதான் என்ற வரம்பு கிடையாது, இரவில் விளக்கு வைத்தும் சுடலாம். ஆனால் அது மாநிலச் சட்டம். அவர் அமெரிக்கக் குடிமகன், அவருக்கு விஷயம் அதோடு முடிந்தது. உங்களுக்கு மேலே ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுக்கச் செல்லும் மத்திய அரசுச் சட்டம், ஒன்று இருக்கிறது. எச்1பி, எச்4 (எச்1பி-காரரின் குடும்பத்துக்கான விசா), எல்1, எஃப்1 (மாணவர் விசா) மாதிரி தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்கிறது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18 யுஎஸ்சி 922ஆம் பிரிவு. வைத்திருப்பது என்றால் கடையில் வாங்கி வீட்டில் வைப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நண்பரிடம் இரவல் வாங்கிப் பத்து நிமிடம் பிடித்திருந்தாலும், ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் அதுவும் வைத்திருப்பதுதான். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. சிறைக்கே போகாவிட்டாலும், துப்பாக்கிக் குற்றத்தில் தீர்ப்பாகிவிட்டால் அதுவே நாடு கடத்தப் போதுமான காரணம். இத்தனை வருடம் வரிசையில் நின்றதெல்லாம் ஒரு சனிக்கிழமையில் போய்விடும்.

வழி அதே சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் முறையாகக் கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. ஆக, பன்றிக்காக டெக்சாஸ் கேட்காத லைசென்ஸை ஃபெடரல் சட்டத்துக்காக நீங்கள் வாங்கியாக வேண்டும். டெக்சாஸில் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் குடியிருப்பவர் என்றால் சாதாரண வேட்டை லைசென்ஸ் 25 டாலர்தான். அதோடு ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி வகுப்பு. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும் அது கட்டாயம், 17 வயது ஆனவர்கள் முழுக்க ஆன்லைனிலேயே முடிக்கலாம். நான் என்ன சொல்வேன் என்றால், ஆன்லைனில் முடிக்க முடிந்தாலும் நேரில் நடக்கும் வகுப்புக்குப் போங்கள். துப்பாக்கியே பிடிக்காதவருக்குத் திரையில் படித்து ஒன்றும் ஆகாது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ரேஞ்சுக்குப் போங்கள், இரவல் வாங்குங்கள், கடையில் வாங்குங்கள். கடையில் 4473 என்ற படிவத்தில் உங்கள் விசா நிலையை உள்ளபடி எழுத வேண்டும், ஐ94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எண், வேட்டை லைசென்ஸ், டெக்சாஸில் குடியிருப்பதற்கான சான்று எல்லாம் எடுத்துப் போங்கள். சில கடைக்காரர்களுக்கு இந்த விலக்கு தெரியாமல் திருப்பி அனுப்புவார்கள், வேறு கடை பாருங்கள், சண்டை வேண்டாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டுக் காத்திருப்பவர்கள் கார்டு கைக்கு வரும்வரை தடை இருப்பதாகவே வைத்து நடந்துகொள்ளுங்கள், உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை போகவே கூடாது என்று சொல்லவில்லை. போங்கள், வெறுங்கையோடு போங்கள். நிலத்தைச் சுற்றிப் பாருங்கள், அந்த மாமனாரோடு பேசுங்கள், தடம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் நாளைக்கு அதுவே நிறைய.

புதுக்கை_கேட்டி:

அண்ணா, ரொம்ப நன்றி. இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வில் என்றால்?

பிரேசோஸ்கரை:

வில்லும் கிராஸ்போவும் (விசை வைத்த குறுக்குவில்) அந்தச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது, தனியார் நிலத்தில் சம்மதத்தோடு பன்றிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் புதியவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய ஆண்பன்றிக்குத் தோள்பட்டை மேல் கவசம் மாதிரி தடித்த, கெட்டியான தோல் இருக்கும். அம்பு தப்பான இடத்தில் பட்டால் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். மாதக்கணக்கில் பழகிவிட்டு வாருங்கள்.

சாம்பல்நாரை:

நான் ஆஸ்டினில் மாணவி, எஃப்1. போன வருடம் நண்பர்கள் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார்கள், வாசலில் கையெழுத்து வாங்கினார்கள், விசா பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

பிரேசோஸ்கரை:

அங்கே கேட்க மாட்டார்கள் அம்மா, அதனால்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். இனிமேல் லைசென்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். நடந்தது பற்றிக் கவலையாக இருந்தால் பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை இருக்கும், அங்கே கேளுங்கள், இப்படிப் பொதுவில் எழுத வேண்டாம்.

லானோ_பரண்:

காகித வேலையை பிரேசோஸ் அண்ணா முடித்துவிட்டார். நான் நிலத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துப்பாக்கி. இணையத்தில் தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு வெடிக்கும் கையால் தோட்டா ஏற்றுவது) ஒன்று, தோட்டா அளவு .243 அல்லது .308 அல்லது 6.5 கிரீட்மோர், மூன்றில் எது தோளுக்கு ஒத்துவருகிறதோ அது. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் மாதிரி விலை குறைந்த ரைஃபிளே நாம் சுடுவதை விட நன்றாகச் சுடும். தெர்மல் ஸ்கோப்புக்கு (உடல் சூட்டை வைத்து இருட்டில் காட்டும் குறிநோக்கி) ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள், அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள். முதலில் .22 என்ற சின்னத் தோட்டா ரைஃபிளில் பழகினால் உதைப்பு அதிகம் இல்லாமல் கை நிற்கும். காதடைப்பு, கண்ணாடி கட்டாயம். வேட்டையில் ஒரே ஒரு வெடிதானே என்று காதடைப்பைக் கழற்றுபவர்களைப் பார்க்கிறேன், அந்த ஒரு வெடியே போதும் காதில் இரைச்சல் நிரந்தரமாக உட்கார.

பன்றியை எங்கே சுடுவது என்பதில்தான் மான் வேட்டை பழகியவர்களே தடுமாறுகிறார்கள். மானுக்குத் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வைப்பார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கின்றன. மானுக்கு வைக்கிற இடத்தில் வைத்தால் குடலில் படும், அது ஓடிப் புதருக்குள் போய்விடும், நீங்கள் ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள், அதற்கோ பெரிய வேதனை. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போங்கள், உடம்பின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். காதுக்குப் பின்னால் சுட்டால் நின்ற இடத்திலேயே விழும். ஆனால் அந்த இடம் சின்னது, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், உங்கள் கை அசையாது என்று உறுதியானால் மட்டும். நிற்காத பன்றியை, முகம் காட்டி நிற்கும் பன்றியைப் புதியவர் விட்டுவிட வேண்டும். அது மறுபடி வரும்.

அடுத்து காற்று. பன்றிக்குக் கண் மந்தம், காது கூர்மை, மூக்கோ சொல்லவே வேண்டாம். காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் நீங்கள் எத்தனை விலை கொடுத்து உடுப்பு வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நான் எப்போதும் சட்டைப் பையில் சின்ன டப்பாவில் டால்கம் பவுடர் வைத்திருப்பேன். உட்கார்ந்ததும் ஒரு சிட்டிகை தட்டிவிட்டால் காற்று எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஓடைப் பள்ளங்களில் பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு இருந்த திசை ஏழு மணிக்கு இருக்காது. பவுடர் ஓடைப் பக்கம் திரும்பிவிட்டால் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போங்கள்.

தடம். மானின் குளம்பு இதய வடிவில் முனை கூராக இருக்கும், பன்றியுடையது முனை மழுங்கி, உருண்டையாக, இரண்டு விரலும் சற்று விரிந்து பதியும். சேற்றுக்குழி இருந்தால் அதைச் சுற்றி உள்ள மரங்களின் அடியைப் பாருங்கள். பன்றிக்கு வியர்க்காது, அதனால் வெயிலில் சேற்றில் புரண்டுவிட்டு வந்து மரத்தில் உடம்பைத் தேய்க்கும். தேய்த்த சேறு எந்த உயரம் வரை இருக்கிறதோ அதுதான் அந்தப் பன்றியின் உயரம். தொட்டால் ஈரமாக இருந்தால் நேற்று ராத்திரி வந்திருக்கிறது. அந்தச் சேற்றில் கரடுமுரடான, நுனி பிளந்த மயிர் ஒட்டியிருக்கும். வேலிக் கம்பியின் அடியில் மண் வழுவழுவென்று தேய்ந்து, கம்பியில் அதே மயிர் சிக்கியிருந்தால் அதுதான் கூட்டம் நுழையும் வாசல். அதை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரவா பகலா என்று கேட்டீர்கள். முதல் வருடம் பகல் வெளிச்சத்தில் மட்டும், அதுவும் விடியலும் அந்தியும். குளிர்காலத்தில் அவை பகலிலேயே நடமாடும். வெயில் காலத்தில்தான் இரவுக்கு மாறும். இரவில் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் இருட்டில் ஸ்கோப்பில் தெரியும் உருவம் பன்றியா, கன்றுக்குட்டியா, பக்கத்துப் பண்ணையின் கறுப்பு நாயா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதன் பின்னால் வீடு இருக்கிறதா, ரோடு இருக்கிறதா என்பதையும். அனுபவப்பட்டவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அப்படிப் போகும்போது அந்த வட்டாரத்துக் கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) முன்கூட்டியே ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். இருட்டில் விளக்கும் வெடிச் சத்தமும் என்றால் மான் திருட்டு என்று நினைத்து அவர் வருவார். அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தெற்கு, மேற்கு டெக்சாஸில் ஜாவலினா என்று ஒன்று உண்டு. பார்க்கக் குட்டிப் பன்றி மாதிரியே இருக்கும். அது பன்றியே இல்லை, வேறு குடும்பம். கழுத்தைச் சுற்றி வெளிர்நிறப் பட்டை இருக்கும், வால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு லைசென்ஸ் உண்டு, சீசன் உண்டு, ஆளுக்கு வருடத்துக்கு இரண்டுதான். பன்றி என்று நினைத்தேன் என்றால் வார்டன் ஏற்க மாட்டார்.

விழுந்த பன்றியிடம் ஓடாதீர்கள். ரைஃபிளில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதுகுப் பக்கமிருந்து நெருங்குங்கள், நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமைத்தால் இன்னொரு குண்டு. காயம்பட்டது புதருக்குள் போய்விட்டால் தனியாகத் தவழ்ந்து உள்ளே போகவே கூடாது. அதன் கோரைப்பல் தொடையைக் கிழிக்கிற உயரத்தில் இருக்கிறது.

கொங்குக்காடு:

ஹெலிகாப்டரில் இருந்து சுடுகிறார்களே, பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போகலாமாமே, அதில் தொடங்கினால் எளிது இல்லையா?

லானோ_பரண்:

2011லிருந்து சட்டம் அனுமதிக்கிறது, உண்மை. பெரிய பண்ணைகளில் கூட்டத்தைக் குறைக்க அது உதவும். ஆனால் நகரும் ஹெலிகாப்டரில் இருந்து ஓடும் பன்றியை, அரைத் தானியங்கி ரைஃபிளில், முதல் முறை துப்பாக்கி பிடிப்பவர் சுடுவது என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காயப்பட்டு ஓடுவதை இறங்கித் தேடுவது யார்? விசாக்காரர்களுக்கு அங்கேயும் அதே ஃபெடரல் சட்டம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

ஜீவகாருண்யம்:

மன்னிக்கவும், நான் இதில் வேறு பக்கம். பொழுதுபோக்குக்காக ஒரு உயிரைக் கொல்வதை இத்தனை பேர் இத்தனை ஆர்வமாகப் பேசுவது எனக்கு வலிக்கிறது. குட்டிகளோடு வரும் தாயையும் சுடுவீர்களா? அந்தப் பன்றியைக் கொண்டு வந்ததே மனிதன்தானே.

எல்காம்போ_வயல்:

ஐயா, நீங்கள் சொன்ன கடைசி வரி சத்தியம். ஸ்பெயின்காரர்கள் கொண்டு வந்து விட்ட வீட்டுப்பன்றி காடேறியது, பிறகு 1930களில் வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் கொண்டு வந்து விட்டார்கள், இரண்டும் கலந்ததுதான் இன்று இருப்பது. அதனால்தான் இந்த நிலத்துக்கு அதன்மேல் பிடி இல்லை. ஓநாய் இல்லை, பெரிய பூனையும் பெரும்பாலான இடங்களில் இல்லை. டெக்சாஸில் மட்டும் சுமார் 26 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள், 254 கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி) 253இல் இருக்கிறது.

நான் எல் காம்போ பக்கம் நெல் விவசாயிகளோடு வேலை செய்கிறேன். பிறந்தது மன்னார்குடிப் பக்கம், அதனால் நெல்வயல் என்றால் எனக்கு வேறு மாதிரி. ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் வரப்பை உடைத்துப் படுத்துப் புரண்டால் அந்தப் பாத்தியில் கட்டிய தண்ணீர் முழுக்க ஓடிவிடும், நீர் இல்லாத இடத்தில் களை ஏறும், மறுபடி தண்ணீர் இறைக்க டீசல் செலவு. மக்காச்சோளம் விதைத்த இரவே வந்து, விதைத்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒரு விதை விடாமல் கிளறித் தின்னும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, ஆமை முட்டை, ஒன்றும் மிஞ்சாது. ஓடைத் தண்ணீர் கெட்டுப்போகிறது. அந்த உயிர்களும் உயிர்தானே ஐயா. குட்டியோடு வரும் தாய் பற்றிக் கேட்டீர்கள், எனக்கும் அது எளிதில்லை. குட்டிகளைப் பட்டினி போட்டுச் சாகவிடுவது அதை விடக் கொடுமை, அதனால் எடுப்பதென்றால் முழுக் கூட்டத்தையும் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதனால் வேட்டைக்கார நண்பர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். வேட்டையால் பன்றித் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சினைக்காலம் சுமார் 115 நாள்தான். ஈற்றுக்கு ஆறு குட்டி சாதாரணம். பிறந்த குட்டி 6 முதல் 8 மாதத்தில் சினைக்குத் தயார். எண்ணிக்கை ஏறாமல் இருக்கவே வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுக்க வேண்டும் என்பது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆட்களின் கணக்கு. துப்பாக்கியால் அது நடக்காது. ஒன்றைச் சுட்டால் மற்ற பத்தும் சிதறி அடுத்த பண்ணைக்குப் போகும், அந்த இடத்துக்கு இரவில் மட்டும் வரப் பழகும். டென்னசியில் 1999இல் மாநிலம் முழுக்கப் பன்றி வேட்டையைத் திறந்துவிட்டார்கள். பன்றி குறையவில்லை, புதுப்புதுக் கவுண்டிகளில் தலைகாட்டியது, காரணம் வேட்டை ஆசையில் ஆட்களே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டது. 2011இல் அதை மூடினார்கள். மிசௌரி 2016இல் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது, பொறி வைப்பதைக் கெடுக்கிறார்கள் என்று.

நாங்கள் செய்வது பொறி. வட்டமாகக் கம்பிவேலிப் பட்டி, கதவு மேலே தூக்கி நிற்கும். உள்ளே சோளம் போட்டுப் பல நாள் சும்மா விட வேண்டும், கதவைத் தொடவே கூடாது. முதலில் குட்டிகள் நுழையும், மூத்த பெண்பன்றி வெளியே நின்று பார்க்கும், நாள்கணக்கில் பார்க்கும். கேமரா படம் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து எண்ணி, கடைசிப் பன்றியும் உள்ளே வந்த இரவில்தான் போனில் இருந்து கதவை விட வேண்டும். ஒன்றை வெளியே விட்டுக் கதவைப் போட்டால் அது பிறகு எந்தப் பொறிக்குள்ளும் வராது. பிடித்ததை உயிரோடு வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவது குற்றம். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பிரேசோஸ்கரை:

எல்காம்போ தம்பி சொல்வதை நான் மறுக்கவே இல்லை. அதனால்தான் புதியவர்களிடம், நிலக்காரரிடம் போனதும் முதல் கேள்வியாக "இங்கே பொறி ஓடுகிறதா" என்று கேளுங்கள் என்கிறேன். ஓடினால் அந்தப் பக்கமே துப்பாக்கி வேண்டாம். பொறி வைக்க ஆள் தேவை, சோளம் தூக்க ஆள் தேவை, வேலி சரிசெய்ய ஆள் தேவை. அந்த வேலைக்குக் கூட நில்லுங்கள், விசாவில் இருப்பவருக்கு அதற்குத் தடையும் இல்லை, காசு மட்டும் வாங்காதீர்கள். அப்படி இரண்டு மூன்று வார இறுதி வியர்வை சிந்தியவருக்குப் பொறிக்குச் சிக்காத தனி ஆண்பன்றியைச் சுட அழைப்பு தானாக வரும். எனக்கு இந்த நாட்டில் நிலத்துக் கதவு அப்படித்தான் திறந்தது. சம்மதத்தை மட்டும் எழுத்தில் வாங்கி வையுங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும்.

தெரிந்த நிலக்காரர் இல்லாதவர்களுக்கு: வருடாந்தரப் பொது வேட்டை அனுமதி 48 டாலர், அதோடு சாதாரண லைசென்ஸும் வேண்டும், பொதுநிலத்தில் அந்த 2019 விலக்கு செல்லாது. ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசியக் காடு பக்கம்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தேதி, தனி ஆயுத விதி, அதற்கான கையேட்டை வரி விடாமல் படியுங்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பும் தொப்பியும் அங்கே கட்டாயம். கட்டணம் வாங்கிக் கூட்டிப் போகும் பண்ணைகளும் உண்டு, ஒரு இரவுக்குச் சில நூறு டாலர் ஆகும், முதல் பன்றியை அனுபவசாலி பக்கத்தில் இருக்கச் சுடுவதற்கு அது தேவலாம்.

தேனிக்காரன்:

நம் ஊரிலும் இதே தொல்லைதானே, லீவில் போகும்போது அங்கேயும் செய்யலாமா?

எல்காம்போ_வயல்:

வேண்டவே வேண்டாம் நண்பரே. அங்கே காட்டுப்பன்றி அந்த மண்ணுக்கே உரியது, புலியும் சிறுத்தையும் அதை நம்பி இருக்கின்றன, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025இல் அரசு வழி செய்தது, ஆனால் சுடுவது வனத்துறைதான், நாம் இல்லை. கேரளாவில் 2022இல் ஊராட்சித் தலைவர் உத்தரவு போட வழி செய்தார்கள், அங்கேயும் அதற்கென்று அனுமதி பெற்றவர்தான் சுட வேண்டும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும் வேலியில் கரண்ட் விடுவதும் எப்பேர்ப்பட்ட பாவம் என்று சொல்லத் தேவையில்லை. கோவைப் பக்கம் வாய் சிதறிச் சாப்பிட முடியாமல் செத்த யானைகள் எத்தனை.

காவிரிக்கரையாள்:

கறி பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் அவர் சுடுவார், அறுப்பது சமைப்பது பெரும்பாலும் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

சாப்பிடலாம். அருமையான கறி. ஆனால் புரூசெல்லா என்ற கிருமி இந்தப் பன்றிகளில் உண்டு, அறுக்கும்போது கைக்காயம் வழியாகவும் கண்ணில் தெறித்தாலும் நமக்கு வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி என்று வாரக்கணக்கில் இழுக்கும். மருத்துவரிடம் "காட்டுப்பன்றி அறுத்தேன்" என்று நீங்களாகச் சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார். அதனால் நைட்ரைல் கையுறை, கண்ணாடி, இரண்டும் இல்லாமல் கத்தியை எடுக்காதீர்கள். நான் கையுறை இரட்டையாகப் போடுவேன். வயிற்றைக் கீறும்போது கத்தியின் கூர்ப்பக்கம் மேல் நோக்கி இருக்கட்டும், இரண்டு விரலைத் தோலுக்கும் குடலுக்கும் நடுவே வைத்துக்கொண்டே கத்தியை நகர்த்துங்கள், குடல் கிழிந்தால் கறி நாறிப்போகும். சினைப்பன்றி என்றால் கருப்பையை உடைக்காதீர்கள், அந்த நீரில்தான் கிருமி அதிகம். உள்ளே கொழுப்பு நீல நிறமாக இருந்தால் அந்தப் பன்றியை அப்படியே விட்டுவிடுங்கள், விஷத்தீனி தின்றது, அதில் அடையாளத்துக்குச் சாயம் கலந்திருப்பார்கள்.

டெக்சாஸ் வெயிலில் நேரம்தான் எதிரி. விழுந்ததும் குடலை எடுத்து, தோலுரித்து, துண்டாக்கி ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். ஐஸ் உருகும் தண்ணீரில் கறி மிதக்கக் கூடாது, பெட்டியின் அடைப்பானைத் திறந்து வைத்துச் சாய்த்து வையுங்கள், ஐஸ் போட்டுக்கொண்டே இருங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள், சாகாது. வேகவைப்பதுதான் ஒரே வழி, உள்ளே 71 டிகிரி செல்சியஸ், இந்த ஊர்க் கணக்கில் 160. பத்து டாலருக்கு இறைச்சி வெப்பமானி கிடைக்கும், வாங்கிவிடுங்கள். நாய்க்குப் பச்சைக் கறியோ குடலோ போடவே கூடாது, நாயையே கொல்லும் வேறொரு வைரஸும் இதில் உண்டு.

பெரிய ஆண்பன்றி வாடை அடிக்கும், 60, 70 பவுண்டு இளம் பெண்பன்றிதான் சமையலுக்கு. கடைப் பன்றி மாதிரி கொழுப்பு இருக்காது, சும்மா வறுத்தால் ரப்பர் மாதிரி இருக்கும். மஞ்சள் உப்பு போட்டுக் குக்கரில் முதலில் நன்றாக வேகவிட்டு, அப்புறம் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, கறிவேப்பிலை, இடித்த மிளகு சோம்பு போட்டுத் தண்ணீர் சுண்டச் சுண்டப் பிரட்டுங்கள். மிளகைக் கடைசியில் இன்னொரு முறை தூவுங்கள்.

தம்பி மனைவியிடம் நான் பேசுகிறேன், தனிச்செய்தியில் எண் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதலில் பெட்டகம் வாங்கிச் சுவரோடு போல்ட் போட்டோம், அதற்குப் பிறகுதான் ரைஃபிள் வீட்டுக்குள் வந்தது. தோட்டா வேறு பூட்டில். தோட்டா போட்ட துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்குப் போனால் டெக்சாஸில் அது விட்டவர் மேல் குற்றம். இன்னொன்று, அவர் எச்4 என்றால் தடை அவருக்கும் உண்டு, அவருக்கு லைசென்ஸ் இல்லாதவரை பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவரிடம் இருக்கக் கூடாது.

புதுக்கை_கேட்டி:

அக்கா, அந்தக் கடைசி விஷயம் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மனைவி உங்களுக்கு எழுதுகிறார், அவரும் வகுப்புக்கு வருகிறேன் என்கிறார். சனிக்கிழமை வெறுங்கையோடு போய்விட்டு வந்தேன். வேலிக்கு அடியில் அந்த வழுவழுப்பான மண், கம்பியில் நுனி பிளந்த மயிர், லானோ அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. மாமனார் அதுவரை கவனிக்கவில்லை, என்னை அழைத்துக்கொண்டு மிச்ச வேலி முழுக்க நடந்தார். அடுத்த மாதம் பொறி வைக்கப் போகிறார்களாம், பட்டி கட்ட வரச் சொன்னார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நேர் வகுப்பு இருக்கிறது, பதிந்துவிட்டேன். முடித்த கையோடு லைசென்ஸ் வாங்கிவிடலாமா?

பிரேசோஸ்கரை:

கொஞ்சம் பொறுங்கள். டெக்சாஸ் லைசென்ஸ் வருடம் ஆகஸ்ட் 31இல் முடியும். ஆகஸ்ட் முதல் வாரம் வாங்கினால் சில வாரத்தில் செத்துவிடும். புது வருடத்து லைசென்ஸ் ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வரும், செப்டம்பர் 1 முதல்தான் செல்லும், அதை வாங்குங்கள், அதுவரை ரேஞ்ச் வேண்டாம். பிறகு ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குப் போனில் நினைவூட்டல் போட்டு வையுங்கள். ரைஃபிள் வீட்டில் இருக்க, லைசென்ஸ் ஒரு நாள் இல்லாமல் போனாலும் அந்த ஒரு நாளைக்கு ஃபெடரல் சட்டம் உங்களைப் பிடிக்கும்.